ஹம் அடங்கும் திசை

சின்னவளுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்தால் பெஞ்சு ஆடும். பேருந்தில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்ப்பார். முப்பத்தாறு வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை. கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குப் பார்வை சோதிப்பது அவள் வேலை. "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று லென்ஸை மாற்றிப் போடுவாள். அவர்கள் யோசித்து வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைப் போட்டிருப்பாள். "கொஞ்சம் மெதுவா போங்கம்மா, எனக்கு ஒரு கண்ணுதான் திறந்திருக்கு" என்று ஒரு பெரியவர் ஒருமுறை கெஞ்சியே விட்டார்.

அப்பேர்ப்பட்டவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே நாற்காலியில், ஒரே திசையைப் பார்த்து, ஆடாமல் அசையாமல் உட்கார வைத்தது ஒரு எலெக்ட்ரிக் கிடார். எந்தத் திசை என்பதில்தான் வில்லங்கம்.

பத்து வருடத்துக்கு முன்பு அவள் ஒரு குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தாள். பெரிய குழு ஒன்றும் இல்லை. நாலு பேர், கல்லூரி மேடைகள், ஒரு ஷாப்பிங் மாலின் திறப்பு விழா, அவ்வளவுதான். அப்பா பக்கவாதத்தில் படுத்த வருடம் அதை விட்டாள். அம்மா முன்னமே போய்விட்டாள். அக்கா கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க, ஊட்ட, துடைக்க, வீட்டில் இருந்த ஒரே ஆள் சின்னவள். கிடார் உறைக்குள் போனது. அப்பா ஏழு வருடம் படுக்கையில் இருந்தார். அவர் போன பிறகு அத்தானுக்கு இந்த ஊருக்கே மாற்றல் வந்தது. அக்காவும் அத்தானும் அப்பாவின் வீட்டுக்கே குடிவந்தார்கள். சின்னவள் எப்போதாவது உறையைத் திறந்து, தனக்குத்தானே கொஞ்சம் வாசித்துப் பார்ப்பாள்.

போன மாதம் டிரம்மர் கூப்பிட்டான். குழுவின் பழைய பாட்டுகளை ஒழுங்காகப் பதிவு செய்து வெளியிடப் போகிறார்களாம்.

"அந்த நிறுத்தி நிறுத்தி வர்ற பாட்டு நீ போட்டது. நீயே வாசிச்சாதான் நல்லா இருக்கும். டிரம், பாஸ் எல்லாம் முடிஞ்சாச்சு, அனுப்புறேன். அது மேல வீட்டுலயே வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. நாலு வாரம் இருக்கு, நாலாவது ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள வந்துடணும்."

"வரலேன்னா?"

"கீபோர்டுக்காரன் மச்சான் வாசிச்சுடுவான். அவன் ரெடியா இருக்கான்."

அந்த மச்சானை அவளுக்குத் தெரியும். தப்பே வராமல் வாசிப்பான், அது ஒன்றுதான் அவனிடம் கோளாறு. தன் பாட்டில் அவன் கை விழுவதை அவள் விடுவதாக இல்லை. அவளிடம் அந்தக் காலத்துக்குச் சாட்சி என்று ஒன்றும் இல்லை. இரண்டு மங்கிய புகைப்படங்கள், அவற்றில் ஒன்றில் அவள் தலை வெட்டுப்பட்டிருக்கும். இந்தப் பாட்டும் அவள் கையில்லாமல் வெளியே போய்விட்டால், தான் ஒரு காலத்தில் கிடார் வாசித்தவள் என்பதே வெறும் வாய்ப்பேச்சாகிவிடும் என்று பயந்தாள்.

அப்படித்தான் அவள் அறை ஸ்டுடியோ ஆனது. துணி அலமாரிக்குள், கிடாரின் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப். அதைச் சுற்றிக் கம்பளிகளும் தலையணைகளும். ஸ்பீக்கரின் வலைக்கு முன்னால், மூக்கு உரசுகிற தூரத்தில் ஒரு மைக். அங்கிருந்து ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு. உடுத்த வேண்டிய துணி எல்லாம் கட்டில் மேல். காலையில் வேலைக்குப் புறப்படும்போது அவள் சட்டை தேடுகிற அழகைப் பார்க்க வேண்டும்.

புதிதாக ரெக்கார்ட் செய்கிறவர்கள் செய்கிற முதல் தப்பை அவளும் தவறாமல் செய்தாள். சத்தத்தை ஊதி முரடாக்குகிற டிஸ்டார்ஷன் குமிழைக் கடைசி வரை திருகினாள். அறையில் கேட்டபோது சுவர் இடிந்து விழுவது போல இருந்தது. புல்லரித்தது. அனுப்பி வைத்தாள்.

"என்ன, தகர டப்பாவுக்குள்ள தேனீ புகுந்த மாதிரி இருக்கு?" என்றான் டிரம்மர். "நீ என்ன வாசிக்கிறேன்னே தெரியல. குமிழைப் பாதியாக் குறை. கனம் கையிலேர்ந்து வரட்டும்."

குறைத்தாள். மனசே இல்லாமல் குறைத்தாள். கேட்டால் அவன் சொன்னதுதான் சரி. தேனீ ஓடிப்போய், கிடார் வந்து நின்றது. கூடவே இன்னொன்றும் வெளியே தெரிந்தது: ஹம்.

அந்தப் பாட்டின் உயிரே நிறுத்தங்களில் இருக்கிறது. எல்லோரும் முழு வேகத்தில் போய், சட்டென்று நிற்க வேண்டும். ஒரு சத்தம் இருக்கக்கூடாது. கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது மறுபடி எல்லோரும் ஒன்றாக விழ வேண்டும். அந்த இடத்தில் பார்த்து, ங்ங்ங் என்று ஒரு முனகல். டிஸ்டார்ஷனுக்குப் பெரிது சின்னது என்ற பேதம் கிடையாது. கம்பியில் விழுந்த அடியை எப்படி ஊதிப் பெருக்குமோ, அப்படியே சுவருக்குள் ஓடுகிற கரண்டின் முனகலையும் ஊதிப் பெருக்கிக் காட்டும்.

அந்த வீட்டு மனுஷர்களுக்கும் அந்த ஊதிப் பெருக்குகிற வேலை தெரியும். எட்டு மாதத்துக்கு முன்பு உறவுக்காரர் வீட்டு விருந்தில் சித்தி ஒருத்தி, "இன்னும் கிடார் வாசிக்கிறியாடி?" என்று சின்னவளைக் கேட்டாள். அவள் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"வாசிக்கிறாளே. இந்தப் பக்கம் நான் மிக்ஸியைப் போடுறேன், அந்தப் பக்கம் அவ கிடாரைப் போடுறா. எது எதுன்னு இவருக்கே தெரியறதில்ல."

பந்தி முழுக்கச் சிரித்தது. சின்னவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளிலிருந்து அக்காவோடு பேச்சு இல்லை. அக்கா இரண்டு நாள், "என்னடி, என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வேர்க்கடலை அளவு விஷயம், ஊதி ஊதி வீட்டையே அடைத்துக்கொண்டு நின்றது.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அத்தான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். அங்கே பெட்டி சுமந்தது போதாதென்று வீட்டிலும் சுமந்தார். "சாப்பாடு மேசையில இருக்குன்னு சொல்லுங்க." "பசிக்கலேன்னு சொல்லுங்க." இரண்டு பேரும் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அத்தான் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை தலையைத் திருப்புவார். மேசைப்பந்து பார்க்கிறவர் போல.

ஞாயிறு காலை. கெடு நாள். ஹம் போகவில்லை. சின்னவள் பிளக்கை மாற்றினாள், விளக்கை அணைத்தாள், போன் சார்ஜரைப் பிடுங்கினாள், கட்டிலை நகர்த்தினாள். பொறுமை போய் டிரம்மரைக் கூப்பிட்டாள்.

"உன் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"மாடிப்படி. கட்டடத்தோட மீட்டர் போர்டு முழுக்க அங்கதான்."

"விளங்கிடும். ஒயர் நீளமா இருக்கில்ல? ஆம்ப் அங்கயே இருக்கட்டும். நீ கிடாரை மட்டும் எடுத்துக்கிட்டு தள்ளிப் போய் உக்காரு. உக்காந்தபடியே மெதுவா ஒரு சுத்து சுத்து. எங்கயோ ஒரு திசையில ஹம் செத்துடும். அந்தத் திசையைப் பாத்தபடியே வாசி. திரும்பினே, தொலைஞ்சே."

நீள ஒயரை ஹாலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காலால் உந்தி மெல்லத் திரும்பினாள். ஜன்னல் பக்கம் ங்ங்ங். வாசல் பக்கம் இன்னும் பலமாக. டிவி பக்கம் காது கிழிந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினாள். முனகல் தேய்ந்தது. தேய்ந்து தேய்ந்து, ஒரு புள்ளியில் ஆளே இல்லாத வீடு மாதிரி அடங்கிப்போனது. அந்த அமைதியில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தாள்.

எதிரே அக்கா.

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால், இடுப்பில் கவசம் கட்டிக்கொண்டு, மூன்றடுக்கு கேக் ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்குத் தொழில் அதுதான். ஆர்டர் எடுத்து வீட்டில் கேக் செய்து கொடுப்பாள். மேசை நிறையச் சர்க்கரையில் செய்த பூக்கள், நூல் மாதிரித் தண்டு, மூச்சு பட்டால் உடைகிற இதழ். ஐந்து மணிக்கு வண்டி வரும். அதற்குள் மூன்று அடுக்குக்கும் கிரீம் பூசியாக வேண்டும். அவளால் அந்த மேசையை விட்டு நகர முடியாது, வீட்டில் வேறு மேசை கிடையாது. சின்னவளாலும் நாற்காலியை விட்டு நகர முடியாது, வேறு திசை கிடையாது.

இருவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். எட்டு மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் ஓரக்கண்ணால் மட்டுமே பார்த்தவர்கள். அக்காவுக்கு முன்னெற்றியில் நரை விழுந்திருந்தது சின்னவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இவ எதுக்கு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு கேளுங்க" என்றாள் அக்கா.

அத்தான் செய்தித்தாளை மடித்தார். "அக்கா கேக்குறா..."

"இந்தப் பக்கம் பாத்தாதான் சத்தம் வராதாம்னு சொல்லுங்க. ஆசைப்பட்டு ஒண்ணும் உக்காரல."

"ஆசைப்பட்டு..."

"காதுல விழுந்துது" என்றாள் அக்கா.

சின்னவள் வாசிக்கத் தொடங்கினாள். இரண்டு வரி நன்றாகப் போனது. மூன்றாவதில் அக்கா கிரீம் அடிக்கும் மெஷினைப் போட்டாள். ஹெட்போனுக்குள் கரகரவென்று மணலை வாரிக் கொட்டியது போல ஒரு சத்தம். சின்னவள் துள்ளி விழுந்தாள்.

"மெஷினை ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க அத்தான். அது கரண்டுல ஏறி கிடாருக்குள்ள வருது."

"பாதியில நிறுத்தினா கிரீம் தளர்ந்து போயிடும்னு சொல்லுங்க. அவ பாட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சும் இருக்கும். இது இருக்காது."

அத்தான் பாவம், கடைசியில் ஒரு சமாதானம் பேசி முடித்தார். ஒரு ஈடு கிரீம் அடித்து, பூசி முடிக்கும் வரை மெஷின் ஓடாது. அந்த இடைவெளியில் சின்னவள் வாசிக்க வேண்டும். எந்த நேரம் மெஷின் மறுபடி கிளம்புமோ என்ற பதைப்பில் அவள் கை பறந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எதிரே அக்காவின் முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பது அவளால் ஆகிற காரியமா? நிறுத்தம் முடிவதற்குள் அடுத்த அடியை அடித்துவிடுவாள். ஹெட்போனில் டிரம் ஒரு இமைப்பொழுது பின்னால் வந்து சேரும். வீட்டுக்கு முதலில் ஓடி வந்து பூட்டிய கதவில் முட்டிக்கொண்டவள் போல இருக்கும் அவளுக்கு. மறுபடி முதலிலிருந்து வாசிப்பாள். மறுபடி முந்துவாள். கடைசியில், பெரிதாகத் தெரியாது, பரவாயில்லை என்று ஒன்றை வைத்துக்கொண்டாள்.

உச்சி வேளையில் அத்தான் டூட்டிக்குக் கிளம்பினார். வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க. நான் வர ராத்திரி ஆகும்." அக்கா கேக்கின் மேல் குனிந்தாள், சின்னவள் தன் அறைக்குப் போனாள்.

எடுத்ததை நகல் எடுத்து, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று வைத்து, இரண்டு கிடார் ஆயிற்று என்று சின்னவள் அனுப்பி வைத்தாள். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் டிரம்மர் கூப்பிட்டான்.

"ஒரே வாசிப்பை ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்க."

"எப்படித் தெரிஞ்சுது?"

"இது ரெண்டு கிடார் இல்ல, ஒரே கிடார் சத்தமாக் கேக்குது. நடு மண்டையில வந்து உக்காந்துக்குது. ரெண்டு தடவை வாசிச்சாதான் ரெண்டுக்கும் நடுவுல துளி வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்துலதான் பாட்டு விரியும். இது ஒரு பக்கம் இருக்கட்டும். மறுபக்கத்துக்குப் புதுசா வாசி. ஆறு மணி, மறந்துடாத."

ஹாலுக்கு வந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் இல்லை. நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை. சின்னவள் நின்றாள், நடந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பிறகு ஃபிரிட்ஜின் முன்னால் போய் நின்று, அதனிடம் சொன்னாள்.

"சில பேருக்கு இன்னிக்கு ஆறு மணிக்குள்ள ஒரு வேலை முடிஞ்சாகணும். மெஷின் ஓடினா முடியாது."

ஃபிரிட்ஜ் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். கரகரப்பு சட்டென்று நின்றது. நிமிர்ந்தால், அக்கா மெஷினின் பிளக்கையே பிடுங்கி வைத்துவிட்டு, ஒரு பெரிய பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கம்பி மத்தால் கையாலேயே கிரீமை அடிக்கத் தொடங்கியிருந்தாள்.

சின்னவள் வாசிக்க ஆரம்பித்தாள். கண்ணை எங்கே வைப்பது? வேறு வழியில்லாமல் அக்காவின் கையில் வைத்தாள். ஹெட்போன் போட்டிருந்ததால் மத்தின் சத்தம் கேட்கவில்லை, கை மட்டும் தெரிந்தது. கை போகிற போக்கு எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. கொஞ்சம் போனதும் புரிந்துவிட்டது. பாட்டின் தாளத்தில் அடித்துக்கொண்டிருக்கிறாள். தாளம் பிசகாமல், தலையைக் கூட ஆட்டிக்கொண்டு. முதல் நிறுத்தம் வந்தது. அக்காவின் கையும் நின்றது.

சின்னவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மிக்ஸி. அந்தப் பந்திச் சிரிப்பு மொத்தமும் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"என்ன, கிண்டலா?"

எட்டு மாதத்தில் அவள் அக்காவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அக்கா நிமிர்ந்தாள். கை நின்றது. "என்ன கிண்டல்?"

"நான் வாசிக்க வாசிக்க நீ மத்தை ஆட்டுற. மிக்ஸி மாதிரி இருக்குன்னு ஊரைக் கூட்டிச் சொன்னது போதலயா? நடிச்சு வேற காட்டணுமா?"

"மெஷின் போட்டா உனக்குக் கரகரங்குதுன்னு கையால அடிக்கிறேன். கையால அடிக்கிறவ ஏதாவது ஒரு தாளத்துலதானே அடிக்க முடியும்? நாலு வாரமா இந்த வீட்டுல வேற என்ன தாளம் கேட்டிருக்கு? காலையில பல்லு தேய்க்கிறதே அதுலதான் தேய்க்கிறேன். உங்க அத்தான் மாடிப்படி இறங்குறதும் அப்படித்தான்."

அக்கா விடவில்லை.

"அப்புறம், நீ ஒவ்வொரு தடவையும் முந்திக்கிற. நிறுத்தினதுக்கு அப்புறம். டிரம்மை மட்டும் ஓட விட்டுப் பழகுவியே, அப்ப கேட்டிருக்கேன். இன்னும் ஒரு மூச்சு இருக்கு அங்க. உனக்கு எதுலதான் பொறுமை இருந்துது?"

சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் சின்னவளுக்கு இன்னும் எரிந்தது.

"பொறுமை இல்லயா எனக்கு? ஏழு வருஷம் அப்பாவைப் பாத்தேன். அதுக்காகத்தான் இதை விட்டேன். ஏன் விட்டேன்னு நீ ஒரு தடவை கேட்டிருக்கியா? போன்ல அப்பா எப்படி இருக்கார்னு கேப்ப. மருந்து என்னன்னு கேப்ப. கிடார் என்னடி ஆச்சுன்னு ஒரே ஒரு தடவை? கேக்காதவ, எல்லார் முன்னாடியும் சிரிக்க மட்டும் வைக்கிற."

அக்கா மத்தைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அங்கே எப்போதும் வலி உண்டு, வேலை அதிகமான நாட்களில் பட்டை போட்டுக்கொள்வாள்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப? நீயும் வந்து பாருன்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்."

"வந்திருக்கணும். எனக்கு வர மனசில்ல. அங்க அப்பதான் ரெண்டு ஆர்டர் வர ஆரம்பிச்சிருந்துது. அதனால கேக்கல. தெரிஞ்சேதான் கேக்கல." அக்கா மத்தை எடுத்துப் பாத்திர விளிம்பில் தட்டினாள். "இங்க வந்ததுக்கு அப்புறம் நீ அந்த உறையைத் திறக்குறப்பல்லாம், ஏன்டி வரலேன்னு அது என்னைக் கேக்குற மாதிரியே இருக்கும். சித்தி வாயைத் திறந்ததும் எனக்குப் பயம் வந்துடுச்சு. ஏன் விட்டேன்னு கேட்டு, நீ சொல்லிடுவியோன்னு. அதான் முந்திக்கிட்டுச் சிரிக்க வச்சேன்."

சின்னவளின் கோபம் அதோடு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். தீரவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் போய்விட்டது. எட்டு மாதமாக மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்த சண்டையில், அக்கா ஒருமுறைகூட ஒப்புக்கொண்டதில்லை. இப்படி ஒப்புக்கொண்டால் அடுத்த வரி என்ன என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

"நானும் முந்திக்கிறேன், நீயும் முந்திக்கிற" என்றாள் கடைசியில்.

"ஒரே வயித்துல பொறந்தவங்கதானே" என்றாள் அக்கா. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "மாட்டு அதை. மணி ஆவுது."

சின்னவள் ஹெட்போனை எடுத்து மாட்டினாள். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, முனகல் அடங்கும் புள்ளியைத் தேடிப் பிடித்தாள். அக்காவின் நெற்றி. நரை. கை. பாட்டை ஓட விட்டாள்.

இந்த முறை கையைப் பார்த்தே வாசித்தாள். முதல் நிறுத்தத்தில் மத்து நின்றது. சின்னவளின் விரல் துடித்தது. மத்து இன்னும் நின்றது. போகலாம் போகலாம் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. மத்து விழுந்த கணத்தில் அவள் அடித்தாள், டிரம்மும் அதே கணத்தில் வந்து விழுந்தது. மூன்றும் ஒன்றாக. நெஞ்சில் யாரோ கையை வைத்து அமுக்கியது போல இருந்தது. அவ்வளவு இடமா இருந்தது அந்த நிறுத்தத்துக்குள்? பத்து வருடத்துக்கு முன்பும் அவள் அதை முழுதாகக் கேட்டதில்லை போலும். அடுத்த நிறுத்தம், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. கடைசி அடியை அடித்து, அது அலமாரிக்குள் தேய்ந்து முடியும் வரை இருவரும் அசையவில்லை.

பிறகுதான் பாத்திரத்தைப் பார்த்தாள். அக்கா மத்தைத் தூக்கினாள். அதில் மஞ்சளாகக் கட்டிகட்டியாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் நீர்.

"என்ன இது?"

"வெண்ணெய். கிரீமை அளவுக்கு மேல அடிச்சா இதுதான்."

"எப்பத் திரிஞ்சுது?"

"ரெண்டாவது நிறுத்தத்துக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுதுன்னா ஏன் நிறுத்தல?"

"நிறுத்தினா நீ முந்திக்குவியே" என்றாள் அக்கா. "வாயைப் பாத்துக்கிட்டு நிக்காம ஃபிரிட்ஜ்லேர்ந்து இன்னொரு டப்பா கிரீம் எடு. வண்டி வந்துடும்."

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை ஓட்டப்பந்தயம் என்றுதான் சொல்ல வேண்டும். மெஷின் அலறியது. அக்கா பூசினாள், சின்னவள் தட்டைச் சுற்றினாள். "மெதுவா, மெதுவா, இது உன் லென்ஸ் இல்ல" என்று திட்டு வாங்கினாள். சர்க்கரைப் பூ ஒன்று அவள் விரல் பட்டு உடைந்தது. உடைந்த இடத்தைச் சுவர்ப் பக்கமாக அக்கா திருப்பி வைத்தாள். வண்டிக்காரர் கீழே ஹாரன் அடித்தபோது கடைசி இதழ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பெட்டியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து படி இறங்கினார்கள்.

மேலே வந்ததும் சின்னவள் புது வாசிப்பை அனுப்பினாள். அக்கா கழுவுவதற்குப் பாத்திரங்களைத் தொட்டியில் அடுக்கினாள். டிரம்மர் கூப்பிட்டபோது ஆறுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது.

"இது பிரமாதம். எப்படி இவ்வளவு நிதானமா வாசிச்ச? நீதானா?"

"நான்தான்."

"ஆனா ஒண்ணு. மத்தியானம் அனுப்பினது இப்ப உதைக்குது. இது சரியா வந்து விழுது, அது முந்திக்கிட்டு வந்து நிக்குது. ரெண்டையும் சேத்து வச்சா ஒவ்வொரு நிறுத்தத்துலயும் தடுக்கி விழுற மாதிரி இருக்கு. அந்தப் பக்கத்தையும் இதே மாதிரி ஒரு தடவை வாசிச்சு அனுப்பிடு. நேரம் இருக்கில்ல?"

போனை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மணிக்கட்டைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாள். சிவந்து வீங்கியிருந்தது. கேக் போய்விட்டது. கிரீம் தீர்ந்துவிட்டது. அவளுக்கு இனி அந்த மேசையில் ஒரு வேலையும் இல்லை.

இவளிடம் எப்படிக் கேட்பது? அத்தான் இருந்திருந்தால் அவர் தலையில் கட்டியிருக்கலாம்.

"அக்கா."

"என்ன?"

"முதல்ல எடுத்தது சரியில்லயாம். இன்னும் ஒரு தடவை வாசிக்கணும்."

அக்கா குழாயை மூடினாள். கையைக் கவசத்தில் துடைத்தாள். தொட்டியிலிருந்து மத்தை எடுத்து உதறினாள். பாத்திரத்தையும் எடுத்து, கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். ஹாலுக்குப் போய், மேசைக்குப் பின்னால், காலையிலிருந்து உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, காலிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ம், போடு" என்றாள்.

சின்னவள் எதிரே உட்கார்ந்தாள். ஹம் அடங்கியது. பாட்டு ஓடத் தொடங்கியது. அக்கா ஒன்றுமில்லாத பாத்திரத்தில் மத்தைச் சுழற்றினாள், வலிக்கிற கை என்று பார்க்காமல், தலையை ஆட்டிக்கொண்டு. முதல் நிறுத்தம் வந்தது. மத்து அந்தரத்தில் நின்றது.

சின்னவள் காத்திருந்தாள்.